கரியர் ஃபெயாருக்கு போற பிள்ளைக்கு

பிள்ளை,

நேற்று போனில நீ அவசரமா வைச்சிட்டாய், அதால எழுதுறன். அடுத்த மாதம் வவுனியா கம்பஸில கரியர் ஃபெயார் எண்டு சொன்னனி, "நான் சும்மா போய் பாத்திட்டு வருவன் அம்மா" எண்டும் சொன்னனி. அந்த சும்மா தான் ராவு முழுக்க மனசுக்க கிடந்து குடையுது. சும்மா போகாத பிள்ளை, ஆயத்தமா போ.

2010இல மீள்குடியேறி வந்தாப் பிறகு நான் கிளிநொச்சியில ஒரு என்ஜிஓவில வேலை செய்தது உனக்கு தெரியும் தானே. அப்ப வேலைவாய்ப்பு சந்தை நடக்கேக்க மேசைக்கு அங்கால இருந்து சீவி, அதுதான் சுயவிபரக்கோவை, வாங்கினது நான். எங்கட பிள்ளையள் எப்பிடி வருவினம் எண்டு வடிவா பாத்திருக்கிறன். நாலைஞ்சு பேரா சேர்ந்து வருவினம், ஒராள் மட்டும் முன்னுக்கு வந்து பைலை வைக்கும், மற்ற ஆக்கள் பின்னால நிண்டு பாப்பினம், "என்ன படிச்சனீங்கள்" எண்டு கேட்டா நிலத்தை பாத்துக்கொண்டு "அதில எழுதியிருக்கு மிஸ்" எண்டு சொல்லிட்டு போயிடுவினம். பின்னேரம் அந்த குவியலை எடுத்தா ஒரு முகமும் ஞாபகம் வராது. எல்லாம் ஒரே கொமினிகேஷன் கடையில டைப் பண்ணின மாதிரி, பொழுதுபோக்கு புத்தகம் வாசித்தல், தொலைக்காட்சி பார்த்தல். எவ்வளவு கெட்டிக்கார பிள்ளையள் அதுக்குள்ள கிடந்திருப்பினம் எண்டு நினைச்சா எனக்கு இப்பவும் கவலை தான்.

நீ அனுப்பின சீவியை பாத்தன். மூண்டு பக்கம் கூட, ரெண்டுக்குள்ள கொண்டு வா. சமயம், திருமணமானவரா, அடையாள அட்டை நம்பர் எல்லாத்தையும் எடு, உன்ர ஐசி நம்பர் கண்ட கண்ட மேசையில கிடக்கிற அளவுக்கு தேவையில்லை, வேலைக்கு எடுத்த பிறகு கேட்டா குடுக்கலாம். ஓஎல் ரிசல்ட் ஒரு வரியில காணும். உன்ர ஃபைனல் இயர் புரொஜெக்ட் கடைசிப் பக்கத்தில ஒளிச்சு கிடக்கு, அதை மேல கொண்டு வா. ரெஃபரியா போட்டிருக்கிற சேரிட்ட கேட்டனியே? கேக்காம போடாத.

ஒண்டு எனக்கு கோவம் வந்தது. கொரோனா நேரம் எங்கட மாதர் சங்கத்தின்ர கடன் கொப்பியளை எக்செலில ஏத்தினது ஆர்? நீ தானே. சீவியில ஒரு சொல்லு இல்லை. 42 பேரின்ர கணக்கு பிள்ளை. ஒரு அக்கா கட்டின தவணை ரெண்டு தரம் பதிஞ்சு கிடக்கு எண்டு நீ தான் கண்டுபிடிச்சனி, பொருளாளர் அன்ரியோட திண்ணையில இருந்து பழைய ரசீதுக் கட்டுகளை அவிட்டு ஒவ்வொண்டா கொப்பியோட ஒப்பிட்டு பாத்து, கடைசியில ஆர் எவ்வளவு கட்ட கிடக்கு எண்டு ஒரே ஷீட்டில தெரியுற மாதிரி செய்து குடுத்தனி. அதுக்கு பிறகு மாதக் கூட்டத்தில கணக்கு வாசிக்கேக்க ஒரு வாய்ச்சண்டையும் வந்ததில்லை. கொம்பனிக்காரர் தேடுறது இப்பிடியான ஆளைத்தான். "சங்கத்துக்கு ஹெல்ப் பண்ணினன்" எண்டு எழுதிப்போட்டு விட்டிடாத, எத்தினை பேரின்ர கணக்கு, என்னத்தில செய்தாய், என்ன பிழை பிடிச்சாய், பிறகு என்ன மாறினது, அவ்வளவையும் எழுது. கேட்டா வாயால சொல்லவும் தெரியவேணும்.

வாற கொம்பனியளின்ர லிஸ்ட் முதலே நோட்டீஸ் போட்டில போடுவினம், இல்லாட்டி கரியர் கைடன்ஸ் யூனிட்டில கேளு. எல்லாத்துக்கும் ஓடாம நாலைஞ்சை தெரிஞ்சு அவையின்ர வெப்சைட்டை வாசிச்சு வை. ஆடைத் தொழிற்சாலை எண்டா தையல் மட்டும் எண்டு நினைச்சு தாண்டி போகாத, அங்கயும் ஐடி ஆக்கள் வேணும். முதல் போற மேசை நீ அவ்வளவு விரும்பாததா இருக்கட்டும், அதில வாய் திறந்து பயம் போனாப் பிறகு விருப்பமானதுக்கு போ. உங்கட கம்பஸ் 2021 ஆவணியில தானே தனி யூனிவேர்சிட்டியா வந்தது, அதுக்கு முதல் யாழ்ப்பாணத்தின்ர வளாகம், அதால கொழும்பில இருந்து வாற சில பேருக்கு அங்க என்ன படிப்பிக்கினம் எண்டு தெரியாம இருக்கும். குறுகாம நீயே விளங்கப்படுத்து.

இங்கிலீசில ஒரு நிமிசம் உன்னைப்பற்றி சொல்ல பழகு, பாடமாக்கி ஒப்புவிக்காத. உன்ர ரூமில இருக்கிற சிங்களப் பிள்ளையிட்ட சொல்லிப் பாரு, அவவிட்ட நாலு சிங்கள வசனமும் கேட்டு எடு, நீ அவவுக்கு தமிழ் சொல்லிக் குடு. பிழை விட்டா சிரிப்பினம் எண்டு வாயை மூடிக்கொண்டு நிக்காத.

நீயும் கேள்வி கேக்கவேணும். ட்ரெயினிங் எத்தினை மாதம், அலவன்ஸ் இருக்கோ, கிளிநொச்சி யாழ்ப்பாணப் பக்கம் ஒஃபிஸ் இருக்கோ, வீட்டில இருந்து செய்யலாமோ, ஆருக்கு மெயில் போடுறது. அவை தாற லீஃப்லெட்டுக்கு பின்னால கதைச்ச ஆளின்ர பேரையும் என்ன கதைச்சனீங்கள் எண்டதையும் உடன குறி, அண்டைக்கு ராவே சின்னதா ஒரு மெயில் போடு, சீவியை பிடிஎஃப்ஆ உன்ர பேரில சேவ் பண்ணி அனுப்பு. அந்த பழைய பட்டாம்பூச்சி மெயில் ஐடியை தயவுசெய்து விடு.

வெளிநாட்டு வேலை எண்டு ஆரும் வந்து காசு கேட்டா, ஒரிஜினல் சேட்டிபிக்கட் கேட்டா, ஒண்டும் குடாத, ஒண்டிலயும் சைன் வைக்காத. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர லைசன்ஸ் இருக்கோ எண்டு பாத்து தான் மற்ற கதை. எங்கட ஒழுங்கையில ஒரு தம்பி ஏஜென்சிக்கு காசு கட்டி வீட்டுக்காரர் நகையையும் இழந்து நிக்கினம், உனக்கு தெரிஞ்ச கதை தானே.

இனி நான் போனில கேக்க நினைச்சு கேக்காம விட்டது. அம்மா தனிய இருக்கிறா எண்டு தானே நீ சும்மா பாத்திட்டு வருவன் எண்டு சொல்லுறாய்? எனக்கு அது அண்டைக்கே விளங்கிட்டுது. நான் தனிய இல்லை, அம்மம்மா இருக்கிறா, சங்கம் இருக்கு, மாடு ரெண்டு நிக்குது, மாமா வீடு வேலிக்கு அங்கால. நல்ல வேலை கொழும்பில கிடைச்சா கொழும்புக்கு போ, மாதத்தில ஒருக்கா ராவு பஸ் ஏறினா விடிய வீட்ட நிப்பாய். என்னை சாட்டி ஒரு மேசையையும் தாண்டி போகாத. உனக்கு உண்மையா இங்கயே நிக்க விருப்பம் எண்டா அது வேற, அதை எனக்கு நேர சொல்லு, அதுக்கேத்த மாதிரி ரெண்டு பேரும் யோசிப்பம்.

நீலச் சல்வாரை போடு, அது உனக்கு எடுப்பு. சப்பாத்து புதுசு வாங்கினா ரெண்டு நாள் முதலே போட்டு நட, இல்லாட்டி மத்தியானத்துக்குள்ள கால் கடிச்சுப் போடும். சாப்பிடாம போகாத, தண்ணிப் போத்தல் எடு.

திருத்தின சீவியை பிரிண்ட் எடுக்க முதல் எனக்கு அனுப்பு, மாமான்ர மகனிட்டயும் காட்டி இங்கிலீசு பாக்கச் சொல்லுறன். சனிக்கிழமை ராவு கோல் எடு, நீ அந்த ஒரு நிமிசத்தை எனக்கும் சொல்லிக் காட்டவேணும்.

அம்மா