எந்த வருடத்து டாலரில் உச்சம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வணிகப் பக்கத்தில் பிட்காயின் விலை பற்றி வந்த செய்தியைப் படித்தேன். 2021 நவம்பரின் 69,000 டாலர் உச்சத்தை 2024 மார்ச்சிலேயே 73,000-ஐத் தாண்டி முறியடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எண்கள் சரி, ஆனால் இரண்டும் ஒரே மதிப்புள்ள டாலர் இல்லையே! இடையில் அமெரிக்காவில் விலைவாசி சுமார் 12 சதவீதம் ஏறியிருக்கிறது, அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் பழைய 69,000 என்பது 2024 மார்ச் பணத்தில் 77,000-க்கு மேல் வருகிறது. பழைய உச்சம் அன்று உடையவே இல்லை, அந்த வருடம் நவம்பரில்தான் உடைந்தது.

நான் சிம்மக்கல்லில் டீக்கடை வைத்திருக்கிறேன். அப்பாவின் 2010 கணக்கு நோட்டில் டீ 5 ரூபாய், ஒருநாள் விற்பனை 1,800 என்று இருக்கிறது; இன்று டீ 15 ரூபாய், நேற்று கல்லாவில் விழுந்தது 4,500. ரூபாயில் பார்த்தால் இரண்டரை மடங்கு, கிளாஸை எண்ணினால் அன்று 360, நேற்று 300தான். வியாபாரம் வளர்ந்துவிட்டது என்று நான் எப்படிச் சொல்வது? கடைக்கு வரும் பையன்கள் ‘புதிய உச்சம்’ என்ற தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கடன் வாங்கியாவது பிட்காயினில் போடலாமா என்று பேசிக்கொள்கிறார்கள், கேட்கவே பயமாக இருக்கிறது. அதனால் இனி இப்படிச் செய்தி போடும்போது, பழைய உச்சம் இன்றைய பணத்தில் எவ்வளவு என்பதையும் தலைப்புக்குக் கீழேயே ஒரு வரியில் போடுங்கள்.

டீக்கடைக்காரர், சிம்மக்கல், மதுரை