லெஸ்வோஸ் பறவைப் புகைப்படப் பயணம்: சேவைக் குறைபாடு குறித்த புகார்

அனுப்புநர்:
மே மாதக் குழுவில் பயணம் செய்த நால்வர், சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: கிரீஸின் லெஸ்வோஸ் தீவுக்கு மே 14 முதல் 21 வரை நடத்திய பறவைப் புகைப்படப் பயணம் – கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆளுக்கு 2,85,000 ரூபாய் கட்டணத்தோடு, ‘புகைப்படக்காரர்களுக்கான தனி ஏற்பாடு’ என்று 40,000 ரூபாய் கூடுதலாக வாங்கினீர்கள். விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு எதிலும் குறையில்லை. குறையெல்லாம் அந்த 40,000 ரூபாயில்தான்.

முதலில் வண்டி. பக்கக் கண்ணாடி எதுவும் திறக்காத 17 இருக்கை மினி பஸ்ஸை அனுப்பினீர்கள். கல்லோனி உப்பளத்தைச் சுற்றிய மண்பாதையில் வண்டிதான் மறைவிடம். இன்ஜினை அணைத்துவிட்டு, ஜன்னல் விளிம்பில் பீன் பேக் (லென்ஸைத் தாங்கும் சிறு பொதி) வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்திக் காத்திருந்தால் நெடுங்கால் உள்ளான் ஏழெட்டு மீட்டர் வரை தானாகவே நடந்து வரும். ஆள் கீழே இறங்கினால் அரை நிமிடத்தில் கரை காலி. சாயம் பூசிய கண்ணாடி வழியே எடுத்த படங்களில் பச்சை படிந்திருக்கிறது, ஃபோகஸ் பறவையின் கண்ணுக்குப் பதில் கண்ணாடிக் கீறலைப் பிடித்திருக்கிறது. ஏசி குளிரில் கிடந்த லென்ஸை வெளியே எடுத்ததும் பனி படர்ந்து, துடைத்து முடிப்பதற்குள் பறவை போய்விடுகிறது. கண்ணாடி இறங்கும் இரண்டு வேன்கள் கேட்டு மார்ச் மாதமே மின்னஞ்சல் அனுப்பினோம். ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்ற உங்கள் பதிலின் நகல் இணைப்பில் உள்ளது.

அடுத்தது நேரம். மே நடுவில் அங்கே காலை ஆறு மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறது. உங்கள் அட்டவணையில் காலை உணவு 8 மணி, புறப்பாடு 9 மணி. ஸ்கலா கல்லோனியிலிருந்து மேற்கே இப்சிலு மடாலயக் குன்றுக்கு வளைந்து வளைந்து போய்ச் சேரும்போது பத்தரை. அதற்குள் பாறைகளின் மேல் கானல் ஓடத் தொடங்கிவிடும். கானலில் 600 மிமீ லென்ஸ் போட்டாலும் இறகின் நுனி கரைந்துதான் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/2000-க்கு ஏற்றியும் பயனில்லை, ஏனென்றால் அசைவது காற்று, கேமரா அல்ல. துருக்கி, சில ஏஜியன் தீவுகள், ஈரான் பக்கம் என்று சில இடங்களில் மட்டுமே கூடு கட்டும் சினேரியஸ் பன்டிங் என்ற சிறு பறவைக்காகத்தான் அந்தக் குன்றுக்கே போவது. எங்களிடம் இருப்பது நீரில் நனைந்தாற்போன்ற 63 படங்கள்.

பெட்ராவுக்கும் மொலிவோஸுக்கும் இடையே உள்ள கவாகியில் தவறு தலைகீழ். அங்கே சாலை மேலே, புதர்ச் சரிவு கீழே, கடல் மேற்கே. காலையில் போனால் வெயில் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், ரூப்பெல் வார்ப்ளர் என்ற சிறு புதர்ப் பறவையின் ஆணுக்குள்ள கருந்தொண்டையும் வெள்ளை மீசைக் கோடும் பளிச்சென்று விழும். எங்களை இறக்கிவிட்டது மாலை 4:40-க்கு. மின்னும் கடலுக்கு முன்னால் கறுப்பு நிழல்தான் கிடைத்தது. போதாததற்கு, விளம்பரத்தில் இருந்த ஏப்ரல் 24-ஐ மே 14-க்குத் தள்ளினீர்கள். ஏப்ரலில் புதருக்கு மேல் எழும்பிப் பாடும் ஆண் பறவை, மே நடுவில் குஞ்சுகளுக்கு இரை தேடிப் புதருக்குள்ளேயே அலையும். உப்பளத்தில் வலசைக் கூட்டமும் வடிந்துவிட்டது. தள்ளியதில் ஒரு லாபம் இருந்திருக்கும்: தாமதமாக வந்து சேரும் ஆலிவ் ட்ரீ வார்ப்ளர் என்ற வலசைப் பறவை. அது இருக்கும் பொடாமியா பள்ளத்தாக்கு அட்டவணையிலேயே இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய குற்றம் அக்லாடேரி பைன் காட்டில் நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் க்ரூப்பர் நத்தாட்ச் என்ற சிறு பறவை கூடு கட்டுவது லெஸ்வோஸில் மட்டும்தான். பட்டுப்போன பைன் மரத்தின் பொந்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கூடு. உங்கள் வழிகாட்டி பன்னிரண்டு பேரையும் நான்கு மீட்டர் தூரத்தில் அரைவட்டமாக நிறுத்தி, பறவையை வரவழைக்கக் கைபேசி ஸ்பீக்கரில் அதன் குரல் பதிவையே திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். அலகில் புழுவோடு வந்த தாய் பக்கத்துக் கிளையில் 11 நிமிடம் உட்கார்ந்திருந்தது, பொந்துக்குள் போகவில்லை. பின்னால் போங்கள் என்று நாங்கள் சொன்னதற்கு, ‘படம் வேண்டுமா வேண்டாமா?’ என்றார். படமே அப்படிக் கிடைப்பதில்லை: 12 செ.மீ. பறவைக்கு 12 மீட்டர் தள்ளி 500 மிமீ லென்ஸ் போதும், படத்தில் மிச்சமிருக்கும் ஓரங்களைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். தள்ளி உட்கார்ந்தால் பறவை சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாக வந்துபோகும். இனப்பெருக்கக் காலத்தில் பறவைகளை வேண்டுமென்றே தொந்தரவு செய்வதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009/147/இசி பறவைகள் ஆணை தடை செய்கிறது. பறவைகளை விரும்பிப் பணம் கட்டியவர்களை இதற்குக் கூட்டாளியாக்கினீர்கள்.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘க்ரூப்பர் நத்தாட்ச்’ என்று அட்டையில் போட்டிருக்கும் பறவை பாறையில் நிற்கிறது. மார்பில் செம்பழுப்புத் திட்டு இல்லை, முன்னுச்சியில் கறுப்பும் இல்லை. அது வெஸ்டர்ன் ராக் நத்தாட்ச். ‘40 புதிய இனங்கள் உறுதி’ என்ற கணக்கில் பூநாரையும் நெடுங்கால் உள்ளானும் அரிவாள் மூக்கனும் சேர்ந்திருக்கின்றன. இவற்றைப் பார்க்கப் பள்ளிக்கரணைக்கு டவுன் பஸ் போதும்.

ஆகவே எங்கள் கோரிக்கை: புகைப்படக் கட்டணமான 40,000 ரூபாயை நால்வருக்கும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். தேதி மாற்றத்துக்கும் வீணான இரண்டு நாட்களுக்கும் அடிப்படைக் கட்டணத்தில் 15 சதவீதம் தர வேண்டும். கூட்டருகே குரல் பதிவு ஒலிக்கக் கூடாது என்று உங்கள் வழிகாட்டிகளுக்கு எழுத்தில் உத்தரவிட்டு, அதன் நகலை எங்களுக்கு அனுப்ப வேண்டும். அட்டைப் படத்தையும் மாற்ற வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவோம்.

இணைப்பு: ரசீதுகள், மின்னஞ்சல் நகல்கள், பழைய அட்டவணையும் புதிய அட்டவணையும், நேரம் பதிவான மூலப் படக் கோப்புகள், அக்லாடேரியில் எடுத்த 11 நிமிடக் காணொளி.

இப்படிக்கு,
பயணக் குழுவினர் நால்வர்