ருத்ரோத்காரி, தை

செம்பூர், மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வம்,

உனக்கு எழுதிப் பதினான்கு மாதம் ஆகிறது. பொங்கலுக்கு நீ போட்ட கடிதம் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. மின்சார ரசீதைத் தேடும்போதெல்லாம் மேலே வந்து என்னை முறைக்கிறது. திட்டுவதென்றால் கடைசியில் திட்டு. முதலில் விஷயத்தைக் கேள்.

நாங்கள் மெல்பர்னுக்குப் போகிறோம். ஒரேயடியாக. காயத்ரி ஐந்து ஆண்டாகக் கூப்பிட, நான் ஐந்து ஆண்டாக "அடுத்த வருஷம்" என்று சொல்ல, ஒரு நாள் விசாவே வந்து நின்றுவிட்டது. பக்கத்துத் தெருவுக்குக் குடிபோகவே நாள் பார்த்தவன் கடல் தாண்டுகிறானே என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரி. வீட்டை விற்கவில்லை, வாடகைக்கு விடுகிறோம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சாரதா நலம். கமலாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்ததென்று சின்னவன் சொன்னான், நிம்மதி.

சாமான் அனுப்புவதென்றால் மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றுவது என்றுதான் நினைத்திருந்தேன். முப்பத்தைந்து ஆண்டு கணக்கு எழுதிச் சம்பாதித்தவன் நான். என்னையே பரீட்சைக்கு உட்கார வைத்துவிட்டது ஆஸ்திரேலியச் சுங்கம். பி534 என்று ஒரு படிவம். நம்மோடு வராமல் தனியே வந்துசேரும் சொந்தச் சாமான்களுக்கான வாக்குமூலம் அது. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்ற பட்டியலும் பாஸ்போர்ட் நகலும் கூடவே போக வேண்டும். அதில் ஒரு கேள்வி: இவற்றை 12 மாதமாவது சொந்தமாக வைத்திருந்து பயன்படுத்தியிருக்கிறீர்களா? ஆம் என்றால் வரி கிடையாது. அதற்குள் வாங்கியதென்றால் ரசீதைக் காட்ட வேண்டும். தீர்வையும், 10 சதவீத ஜி.எஸ்.டி.யும் கட்ட வேண்டி வரலாம்.

வைத்திருந்தால் போதாது, பயன்படுத்தியும் இருக்க வேண்டும். சாரதாவின் அலமாரியில் முப்பது ஆண்டாக வைத்திருந்து ஒரு நாளும் பயன்படுத்தாத பீங்கான் தட்டுகள் பன்னிரண்டு இருக்கின்றன. விருந்தாளிக்காம். எந்த விருந்தாளிக்கு என்று இன்றுவரை தெரியவில்லை. நீ வந்தபோதுகூட எவர்சில்வர்தானே? போன மாதம் வாங்கிய மிக்சியைப் பார்த்துவிட்டுப் பேக்கிங் கம்பெனி ஆள் இந்தியில் உபாயம் சொன்னான்: "அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடுங்கள், ஒருமுறை சட்னி அரையுங்கள், பழசாகிவிடும்." நான் மிக்சியைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டேன். சாரதா இரண்டு நாள் பேசவில்லை.

சுங்கம்கூடப் பரவாயில்லை, அந்த ஊர்க்காரர்களுக்கு மண்ணென்றால்தான் கிலி. செருப்பின் அடியில் மண் கூடாது, சைக்கிள் சக்கரத்தில் மண் கூடாது. மரம், மூங்கில், ஓலை, விதை எல்லாவற்றையும் எழுதிக் காட்ட வேண்டும். அவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் மருந்தடிப்பதோ, அழிப்பதோ, திருப்பி அனுப்புவதோ நம் செலவில்தான். முறமும் பனையோலை விசிறியும் எதிர் வீட்டுக்குப் போய்விட்டன. அப்பாவின் உருத்திராட்ச மாலையை என்னவென்று எழுதுவது என்று ஒரு மாலை முழுவதும் யோசித்தேன். கடைசியில் "விதையால் ஆன மாலை" என்று எழுதினேன். அப்பா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை உன்னிடம் விட்டுவிடுகிறேன், அவர் குரலில் பேச உனக்குத்தான் வரும். அம்மியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சாரதா பிடிவாதம். நேற்றிலிருந்து பல் துலக்கும் பிரஷ்ஷால் அதன் கொத்து ஒவ்வொன்றையும் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு குழியிலிருந்து மஞ்சள் வருகிறது, அடுத்ததிலிருந்து எந்தக் காலத்து மிளகோ வருகிறது. அம்மிக்குக் கப்பல் கூலி கன அளவில்தான், எடையில் இல்லை என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

அஞ்சறைப் பெட்டி காலி. அரிசி, துவரை, பயறு, சீரகம், கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய் எதுவும் இந்தச் சாமானோடு போகக் கூடாது. எல்லாம் கப்ரா வண்டு என்ற ஒரு தானியப் பூச்சிக்காக. மூன்று மில்லிமீட்டர்கூட இராது. நம் பக்கத்துப் பூச்சிதான். அதன் புழு தின்ன எதுவும் கிடைக்காமலேயே ஏதாவது இடுக்கில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். 2020-இல் இறக்குமதியான குளிர்பதனப் பெட்டிகளின் உறைக்குள்ளிருந்துகூட அங்கே அதைப் பிடித்தார்கள். அவர்கள் கோதுமை விளைவித்து ஏற்றுமதி செய்து வாழ்கிறவர்கள், பயம் நியாயம்தான். தின்னாமல், நகராமல், ஒரே மூலையில் ஆண்டுக்கணக்கில் என்று படித்ததும் எனக்கு உன் பெரிய மைத்துனர் ஞாபகம் வந்தது. கமலாவிடம் காட்டாதே.

இதெல்லாம் வேடிக்கை. இதற்காக உனக்கு எழுதவில்லை.

விளக்குக்காக எழுதுகிறேன். தங்கை மீனா வீட்டு விளக்கு.

சாமான்களை எழுதிக்கொண்டு வந்த பையன் "பித்தளை விளக்கு, பழையது, 1" என்று எழுதினான். அவனுடைய மேற்பார்வையாளர் பேனாவைப் பிடித்து நிறுத்தினார். "பழையது என்று எழுதாதே. எத்தனை வயது என்று கேட்பார்கள்." பிறகு என்னிடம் விளக்கினார். இது அந்த ஊர்ச் சட்டம் இல்லை, நம் சட்டம். 1972-இல் வந்த தொல்பொருள் சட்டம். நூறு ஆண்டு ஆன சிலை, ஓவியம், கைவினை எதையும் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஏட்டுச்சுவடி மாதிரியானவற்றுக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை. சந்தேகமான பொருளென்றால், இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அவர்களுடைய மும்பை அலுவலகம் சயான் கோட்டையில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கம்பெனிக்காரர்கள் கட்டிய கோட்டை. நாற்பது ஆண்டாக ரயிலில் அதைத் தாண்டிப் போகிறேன், ஒரு நாளும் இறங்கியதில்லை.

அன்றிரவு விளக்கைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடித்தட்டின் விளிம்பில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது: மீனாட்சி, ருத்ரோத்காரி ௵ தை. வருஷத்துக்கு அந்தப் பழைய குறியேதான்.

உனக்குப் புரிந்திருக்கும். எனக்குத்தான் உறைக்க ஒரு மணி நேரம் ஆனது. என் அப்பாயி பெயரும் மீனாட்சி. அந்தப் பெயரைத்தான் தங்கைக்கு வைத்தார்கள். அப்பாயிக்குக் கல்யாணம் நடந்தது 1924 தையில். தங்கைக்கு 1984 தையில். அறுபது ஆண்டு சுற்றி வந்து அதே ருத்ரோத்காரி. நம் முன்னோர் வருஷத்துக்கு அறுபது பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள், எந்தச் சுற்று என்று எழுதும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். இது அப்பாயியின் விளக்கென்றால் நூறு தாண்டிவிட்டது. தங்கையின் விளக்கென்றால் நாற்பது சொச்சம்தான், தாராளமாகக் கப்பல் ஏறலாம்.

எழுத்தைப் பார்த்தேன். மீனாட்சியில் வருகிற னாவுக்குத் துணைக்கால் இல்லை. ன-வின் வாலே கீழே இறங்கிச் சுழித்திருக்கிறது. பழைய னா. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்துவிட்டதே, ஆகவே இது 1924 என்று முடிவு கட்டினேன். ஐந்து நிமிடம்கூட அது நிற்கவில்லை. கும்பகோணத்துப் பாத்திரக் கடை வாசலில் உளியோடு உட்கார்ந்திருந்த கிழவருக்கு அரசாணை யார் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள்? அவர் இருக்கட்டும், நீயே இன்றைக்கும் லையைத் துதிக்கை போட்டுத்தானே எழுதுகிறாய்? உன் கடிதத்தைப் படிக்கக் காயத்ரி ஒருமுறை என்னை மொழிபெயர்க்கச் சொன்னாள்.

பிறகு தலையைப் பார்த்தேன். அன்னத்தின் மூக்கு இடப்பக்கம் வளைந்திருக்கிறது. இப்போது ஒப்புக்கொள். நாச்சியார்கோவிலில் விளக்கு வாங்க அப்பா உன்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார், நான் கல்யாணத்துக்கு முதல் நாள்தான் பம்பாயிலிருந்து வந்து இறங்கினேன். திரும்பும்போது பஸ் படியில் இடித்து அன்னத்தின் மூக்கை வளைத்துவிட்டு, "கடையிலேயே இப்படித்தான் இருந்தது" என்று சாதித்தவன் யார்? குடை விஷயத்தில் சாதித்த மாதிரியே. ஆக, தலை 1984. சந்தேகமே இல்லை.

ஆனால் தலையும் உடலும் பொருந்தவில்லை, செல்வம். அன்னத்தைத் திருகினால் முக்கால் வழியில் நின்றுவிடுகிறது, பிறகு ஆடுகிறது. மரையில் வெள்ளை நூல் சுற்றியிருக்கிறது, எண்ணெய் ஊறிக் கறுத்த நூல். அது மீனா சுற்றியது. கடைசி மூன்று மாதம் அவள் எங்களோடுதான் இருந்தாள் என்பது உனக்குத் தெரியும். மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே, "அண்ணா, இது ஆடுகிறது பார்" என்று தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து, நடுங்குகிற விரலால் ஒன்பதோ பத்தோ சுற்று சுற்றினாள். நான் செய்கிறேன் என்று கை நீட்டினேன், கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த நூலை யாரும் மாற்றவில்லை.

ஊர் வீட்டில் இரண்டு விளக்குகளும் ஒரே மாடத்தில்தான் இருந்தன. வெள்ளிக்கிழமை தோறும் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து ஒரே பலகையில் காய வைப்பார்கள். என்றைக்கோ தலை மாறியிருக்கிறது. வீட்டை விற்றபோது சித்தப்பா ஒன்றை எடுத்துக்கொண்டார், அது எங்கே போனதென்று அவர் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. ஆக என்னிடம் இருப்பதில் தலை தங்கையுடையது, அடி அப்பாயியுடையதாக இருக்கலாம். இதைப் படிவத்தில் எப்படி எழுதுவது? "விளக்கு, மேல்பாதி மட்டும்" என்றா?

மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான், வழியும் சொன்னார். "பாத்திரங்களோடு சேர்த்துச் சுற்றிவிடுகிறேன் ஐயா. தேடி எடுத்து யார் படிக்கப்போகிறார்கள், அதுவும் தமிழில்?" உண்மைதான், நவ சேவாத் துறைமுகத்தில் ருத்ரோத்காரிக்குப் பொருள் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. இரண்டு நாள் அவகாசம் கேட்டு அனுப்பிவிட்டேன். சிறைக்குப் பயந்து என்று நினைத்துக்கொள், அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் மீனா கை பட்டதைப் பாத்திரத்துக்குள் ஒளித்துக் கொண்டுபோய், அங்கே யாரோ பிரித்து மேசைமேல் வைத்து இது என்ன என்று கேட்டு, நான் விழித்துக்கொண்டு நிற்பதை என்னால் நினைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சயானுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தேன். படங்களோடு விண்ணப்பிக்க வேண்டும், பிறகு பொருளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், வல்லுநர்கள் பார்த்துச் சொல்வார்கள். பொறுமையாகத்தான் பதில் சொன்னார்கள். விளக்கையும் கொண்டுபோகத்தான் போகிறேன். அவர்கள் வாயால் கேட்பதற்கு முன் உன்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். தொல்பொருள் என்று ஆகிவிட்டால் அது உன் வீட்டுக்கு வரும். இங்கே எதிர் வீட்டில் முறத்தோடும் விசிறியோடும் விட்டுவிட்டுப் போக மாட்டேன். கமலா நூலை மட்டும் அவிழ்க்காமல் தேய்க்கட்டும்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். நாச்சியார்கோவிலில் விளக்கு வாங்கிய பிறகு பெயர் வெட்டக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால், வெட்டுகிறவரிடம் துண்டுச் சீட்டில் பெயரை எழுதிக் கொடுத்தது யார்? அப்பாவுக்கு அப்போது கண் புரை. ஆகவே எழுதியது நீயாகத்தான் இருக்க வேண்டும். வெட்டுகிறவர்கள் சீட்டில் இருப்பதை அப்படியே பார்த்துப் பொளிவார்கள், சுழிகூட மாறாது.

தொலைபேசியில் சொல்லாதே, நீ கத்துவாய், எனக்கு ஒன்றும் விளங்காது. ஒரு தாளில் அந்த மூன்று சொற்களையும் உன் கையெழுத்தில், உன் பழைய னாவைப் போட்டு, அன்றைக்கு எழுதியது போலவே எழுதி விரைவுத் தபாலில் அனுப்பு. படமெடுத்து அனுப்பினால் அளவு மாறிவிடும், தாளே வேண்டும். சாமான் ஏற்றும் நாள் 23. கோட்டைக்குப் போகும் முன் அந்தத் தாளை அடித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உன்,
கணேசன்