கவரிங் தோடும் இதயத்து ஸ்டென்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் வந்த இதயநோய்க் கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடைபட்ட இதய இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன உலோக வலைக்குழாய்தான் ஸ்டென்ட். அதை வைத்த பிறகு என்ன சாப்பிடலாம், எவ்வளவு நடக்கலாம் என்றெல்லாம் விளக்கமாக இருந்தது. உலோக ஒவ்வாமை பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த ஒரு வரி தெரியாமல்தான் எங்கள் வீடு பாடுபட்டது.

2009இல் இடம்பெயர்ந்தபோது அம்மாவின் நகையெல்லாம் போய்விட்டது. அப்புறம் கவரிங் தோடுதான். போட்ட மூன்றாம் நாளே காது சிவந்து நீர் வடியும். கழற்றிவிட்டு, துளை தூர்ந்துபோகாமல் வேப்பம் ஈர்க்கைச் செருகி வைப்பார். ஆறியதும் மறுபடி தோடு, மறுபடி கடி. அது கவரிங்கில் கலந்திருக்கும் நிக்கல் என்ற உலோகத்துக்கு வரும் ஒவ்வாமை என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுநோவோடு ஏ9 வீதியால் ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். ஸ்டென்ட் வைத்து உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. ஆனால் மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்டவர்கள், நகை கடிக்குமா என்று கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

சில வாரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு. குளிசையால்தான் என்று அயலில் சொன்னதைக் கேட்டு, இரத்தம் உறையாமல் இருக்கத் தந்த குளிசையை அம்மா நான்கு நாள் போடவில்லை. எனக்குத் தெரிந்தபோது கைகால் நடுங்கிவிட்டது. குளிசையாலும் தடிப்பு வரலாம், சரி. ஆனால் நாமாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் இரத்தம் கட்டி மாரடைப்பே வரலாம். டொக்டரிடம் சொன்னால் வேறு குளிசைக்கு மாற்றித் தருவார். அப்படித்தான் மாற்றித் தந்தார்.

ஏழாம் மாதம், ஸ்டென்ட் வைத்த அதே இடத்தில் இரத்தக்குழாய் மறுபடி ஒடுங்கியது. தோல் கிளினிக்கில் முதுகில் மருந்து ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது நிக்கல் ஒட்டிய இடம் சிவந்து தடித்திருந்தது.

ஒடுங்கியதற்கு அதுதான் காரணம் என்று டொக்டர் அடித்துச் சொல்லவில்லை. ஸ்டென்ட் செய்யும் துருப்பிடிக்காத உருக்கில் நிக்கல் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருக்கிறது. கோபால்ட் குரோமியம் ஸ்டென்டிலும் நிக்கல் உண்டு. 2000இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வொன்றில், ஸ்டென்ட் வைத்த 131 பேரைத் தோலில் சோதித்தார்கள். உலோக ஒவ்வாமை காட்டிய 10 பேருக்கும் குழாய் மறுபடி ஒடுங்கியிருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதையே சொல்லவில்லை. ஆகவே மாரடைப்பு நேரத்தில் இதற்குப் பயந்து யாரும் ஸ்டென்ட் வேண்டாம் என்று நிற்கக்கூடாது.

நான் கேட்பது சின்ன விஷயம். "கவரிங் நகை, மணிக்கூட்டுப் பட்டி, பெல்ட் கொக்கி கடிக்குமா?" என்று கிளினிக் கொப்பியில் தமிழில் ஒரு கேள்வி. நகையை விற்றும் அடைவு வைத்தும் கவரிங்கோடு இருக்கும் பெண்கள் வன்னியில் எத்தனையோ பேர். இதய டொக்டர் ஒருவரையும் தோல் டொக்டர் ஒருவரையும் சேர்த்து இதைப் பற்றி உங்கள் பக்கத்தில் எழுதச் செய்யுங்கள். அம்மாவின் கிளினிக்கில் கொடுக்க நானே பத்துப் பிரதி வாங்குவேன்.

ஒரு வாசகி,
மாங்குளம்.