பிரன்ஸ்விக் சதுக்கத்தில் எங்கள் வரிசை: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் தென்கரையில், ஹோவ் ஊரின் பிரன்ஸ்விக் சதுக்கத்தில் ஒட்டி ஒட்டி நிற்கும் நம் பழைய வீட்டு வரிசையின் ஓராண்டுக் கதை இது.

செயற்குழு வழக்கம்போல மாதம் ஒருமுறை கூடியது. ஆகஸ்டில் மட்டும் ஊரில் ஆளில்லை. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சுவர் வேலைக்குக் கட்டிய சாரத்துக்கான வாடகையைக் கேட்டதும் யாரும் எழுந்து போய்விட வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

இந்த ஆண்டு எங்களைப் பிடித்து ஆட்டியது ஒரு பின்சுவர். வரிசையில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் ஓதம் ஏறி, வால்பேப்பர் அப்பளம் போல உப்பி நின்றது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கான்ட்ராக்டர் அங்கே சிமென்ட் பூசிவிட்டுப் போயிருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதைக் கொத்தி எடுத்ததும் சுவரின் வயிறு தெரிந்தது: உடைந்த செங்கல், சிக்கிமுக்கிக் கல், கூழாங்கல், நடுவே ஒரு மரத்துண்டு. எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தியிருந்தது சுண்ணாம்புச் சாந்துதான். பிரைட்டன், ஹோவ் பக்கத்தில் இதற்கு 'பங்கரூஷ்' என்று பெயர். பலகை அடைத்து, கையில் கிடைத்ததைப் போட்டு, சாந்தைக் கொட்டி எழுப்பிய சுவர். சுண்ணாம்பு தனக்குள் வந்த ஈரத்தைத் திரும்ப வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பாதி ஊர் கரைந்துவிடும் என்று இங்கே கேலி பேசுவார்கள். சாரத்தில் ஏறி நின்று தொட்டுப் பார்த்தேன். சாந்து ரவையாக உதிர்ந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். வளைந்து புடைத்த ஜன்னல் முகப்பு, தூண்கள், வார்ப்பிரும்புக் கைப்பிடி வைத்த பால்கனி, கல்லோ என்று எண்ண வைக்கும் ஸ்டக்கோ பூச்சு. 1820-களில் பாதிரியார் தாமஸ் ஸ்கட்டின் நிலத்தில் கட்டடக் கலைஞர் சார்லஸ் பஸ்பி இதை வரைந்தபோது, முகப்பு மட்டும் எல்லா வீட்டுக்கும் அவர் சொன்னபடி இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பின்பக்கம் கட்டியவர்கள் பாடு, அவர்கள் பணத்தின் பாடு. பஸ்பியே 1834-ல் திவாலான நிலையில்தான் இறந்தார். இந்தப் பாணியை ரீஜென்சி என்கிறோமே, இளவரசர் ஜார்ஜ் தந்தைக்குப் பதிலாக ஆண்ட காலத்தின் பெயர் அது. அவர் 1820-லேயே மன்னராகிவிட்டார். நம் வீடுகள் அதற்குப் பிறகுதான் எழுந்தன. பெயர் நிலைத்துவிட்டது, சரி.

முகப்பு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது இன்றைக்கும் சட்டம். 1976-ம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லாரும் ஒரே வெளிர்மஞ்சளில் பெயின்ட் அடித்தாக வேண்டும். சாம்பல் நிறம் கேட்டு வந்த கடிதத்துக்கு இதுவே பதில். பின்சுவருக்கு மட்டும் இப்படி ஒரு கட்டாயம் இல்லையே என்பதுதான் என் குறை. பக்கத்து வீட்டுச் சுவர்தான் நம் சுவரும். அங்கே தேங்கிய ஈரம் கதவைத் தட்டிவிட்டா வரும்? எனவே, செயற்குழுவைக் கேட்காமல் யாரும் சிமென்ட் பூசுவதில்லை என்ற தீர்மானத்தை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

குளிரைத் தடுக்க ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடுவது பற்றி மூன்று கூட்டங்கள் பேசினோம். முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம்; ஜன்னலின் மெல்லிய மரச்சட்டம் அந்தக் கனத்தைத் தாங்காது. கனமான திரைச்சீலை போட்டுக்கொள்ளலாம் என்பதோடு பேச்சு நின்றது.

அக்டோபரில் சிலர் 13-ம் எண் வீட்டுக்குப் போனோம். ரீஜென்சி டவுன் ஹவுஸ் என்ற பெயரில் 1980-களிலிருந்து பழையபடி மீட்டு வருகிறார்கள். மேலே விருந்தினருக்கான உயரமான ஜன்னல், கீழே வேலைக்காரர்கள் புழங்கிய அடித்தளம். திரும்பும்போது தெருக்கோடியில் எம்பசி கோர்ட் என்ற நவீன பாணி அடுக்குமாடி தெரிந்தது. 1935-ல் வெல்ஸ் கோட்ஸ் வடிவமைத்தது, எனக்கும் பிடிக்கும். ஆனால் கடற்கரை முழுக்க அப்படியே கட்டிவிடலாம் என்று நினைத்தவர்களும் அன்று இருந்தார்கள். இந்த வீடுகளை இடிக்கும் பேச்சு எழுந்ததால்தான் 1945-ல் பழைய கட்டடங்களைக் காக்கும் ரீஜென்சி சொசைட்டியே பிறந்தது.

அப்புறம், சாரம். பனி உறையும் நாட்களில் சுண்ணாம்பு பூச முடியாது, பூசினால் பிடிக்காமல் உதிர்ந்துவிடும். அதனால்தான் வாடகை ஏறியது. ஏப்ரல் வரை சாரம் நிற்கும். பின்சந்தில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்த வாரமே எடுத்துவிடவும்.

செயலாளர்