திருத்தமும் அதே குழுவில் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையத்தில் பொறுப்புடன் நடப்பதை மாணவர்களுக்குப் பாடமாக வைக்க வேண்டும் என்ற கட்டுரையைத் தங்கள் நாளிதழில் படித்தேன். வைக்கட்டும். ஆனால் அந்தப் பாடம் முதலில் என் வயதுக்காரர்களுக்குத்தான் தேவை.

2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த சென்னைக் குடும்பம் ஒன்று எங்கள் போளூர் அருகே அத்திமூரில் வழி கேட்க நின்றது. அங்கிருந்த பிள்ளைகளுக்கு மூதாட்டி ஒருவர் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம் திரண்டு அடித்ததில் அவர் உயிரிழந்தார். பல நாட்களாக வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி அது. அந்த ஆண்டு நாடெங்கும் பரவிய 'கடத்தல்' காணொளி ஒன்று, உண்மையில் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் காட்சியை யாரோ வெட்டி நீக்கியிருந்தார்கள். அடித்தவர்கள் கைதானார்கள். 'நாலு பேருக்குத் தெரியட்டும்' என்று அந்த வதந்தியை அனுப்பியவர்கள், தங்களுக்கும் இதில் பங்குண்டு என்று ஒரு நாளாவது நினைத்திருப்பார்களா?

சென்ற மாதம் நானும் அதைத்தான் செய்தேன். உறவினர் குழுவில் காணாமல் போன சிறுமியின் படம் வந்தது. பதறிப்போய் மூன்று குழுக்களுக்கு அனுப்பிய பிறகே அதிலிருந்த எண்ணுக்குப் பேசினேன். "பிள்ளை அன்றைக்கே கிடைத்துவிட்டாள் அம்மா, இரண்டு வருடம் ஆகிறது" என்றார் தாய். இன்னமும் தினம் யாராவது அழைக்கிறார்களாம். கடைத்தெருவில் அந்தச் சிறுமியை அடையாளம் கண்டு நிறுத்திக் கேள்வி கேட்கிறார்களாம்.

செய்தியை அழித்துவிடத்தான் முதலில் தோன்றியது. அழித்தால் என் மானம் தப்பும். படத்தை வாங்கி வேறு இடங்களுக்கு அனுப்பியவர்களுக்கு உண்மை தெரியாது. ஆகவே மூன்று குழுக்களிலும், 'நான் அனுப்பியது தவறு, சிறுமி கிடைத்துவிட்டாள், நீங்கள் அனுப்பிய இடங்களிலும் சொல்லிவிடுங்கள்' என்று எழுதினேன். என் நாத்தனார் உடனே தன் கோயில் குழுவிலும் அதைப் போட்டார்.

தவறாக அச்சிட்டால் தாங்கள் மறுநாள் திருத்தம் வெளியிடுகிறீர்கள். நூறு பேர் படிக்கும் குழுவில் எழுதும் நமக்கும் அந்தக் கடமை உண்டு. அந்தந்த வாரம் பரவிய பொய்ச் செய்திகளுக்கான மறுப்பை, அப்படியே குழுக்களில் அனுப்பும்படி நான்கு வரிகளில் ஞாயிறுதோறும் தாங்கள் வெளியிட வேண்டும். எங்கள் ஊர்க் குழுக்களில் அதைச் சேர்ப்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
போளூர்