நள்ளிரவுப் பசியைப் பற்றிக் கோமதிக்கு

பாளையங்கோட்டை,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கோமதிக்கு,

எடையைக் குறைப்பதற்காகத் திருமணம் முடியும்வரை வீட்டிலிருந்து முறுக்கோ மாவுருண்டையோ அனுப்ப வேண்டாம் என்று நீ தொலைபேசியில் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே பேச்சின் நடுவே, பகல் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு ரொட்டிப் பொட்டலத்தை நின்றபடியே தின்று தீர்த்துவிடுவதாகவும், விடிந்ததும் உன்மேல் உனக்கே வெறுப்பு வருவதாகவும் சொன்னாய். அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

"எனக்குக் கட்டுப்பாடே இல்லை, அம்மா" என்றாய். பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அதை நான் மறுக்கிறேன். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் பட்டினி பற்றி ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போரிட மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாமாகவே முன்வந்து அதில் சேர்ந்தார்கள். ஆறு மாத காலம் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி உணவு தரப்பட்டது. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அதைவிட முக்கியம், அவர்கள் மனத்துக்கு நேர்ந்தது. கொள்கைக்காக ஊரார் பழியைத் தாங்கிக்கொண்ட, திடசித்தம் உள்ள அந்த மனிதர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள், தட்டை நக்கினார்கள், பேச்சும் கனவும் சோறாகவே ஆயின, எளிதில் எரிச்சலும் சோர்வும் கொண்டார்கள். தடை நீங்கிய பிறகு சிலர் ஒரே நாளில் 5,000 கலோரிக்கு மேல் உண்டும் வயிறு நிறைந்த உணர்வு வரவில்லை என்றார்கள்.

உன் கைப்பேசிச் செயலி உனக்கு நாளொன்றுக்கு அளந்து வைத்திருப்பது 1,200 கலோரி. அவர்கள் ஆண்கள், உன்னைவிட உயரமானவர்கள், நாள்தோறும் நடக்க வைக்கப்பட்டவர்கள் என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், பட்டினி என்று பெயரிட்டு ஆராயப்பட்ட அளவுக்கும் கீழே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, அதில் தோற்றுப்போனதாக நீ அழுகிறாய். இரவில் உன் கையை அந்தப் பொட்டலத்துக்கு இழுப்பது பேராசை அன்று. பகலில் கொடுக்கப்படாத கூலியை உடல் இரவில் வந்து கேட்கிறது, அவ்வளவே. வயிறு வெறுமையாக இருக்கும்போது சுரக்கும் கிரெலினும், கொழுப்பு குறையும்போது குறைந்துபோகும் லெப்டினும் ஆகிய ஹார்மோன்கள் மூளையிடம் சொல்வது ஒன்றுதான்: உணவைத் தேடு. இந்த ஏற்பாடு இல்லாமல் போயிருந்தால் பஞ்சங்களைத் தாண்டி நம் குலம் பிழைத்திருக்காது.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியதே என்று நீ கேட்கக்கூடும். சோற்றையும் இட்லியையும் ஒரேயடியாக நிறுத்தும்போது, கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து முதலில் தீர்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், அந்த நீரும் சேர்ந்து வெளியேறுகிறது. எடை பார்க்கும் கருவிக்கு நீரையும் கொழுப்பையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. மறுபடி ஒருநாள் வயிறாரச் சோறு உண்டால் அந்த நீர் திரும்பிவிடும். நீயோ கொழுப்பு ஏறிவிட்டதாகப் பதறி மறுநாளும் பட்டினி கிடப்பாய். தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கடுமையாக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து, 2016இல் கெவின் ஹால் குழுவினர் வெளியிட்ட முடிவையும் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலோருக்கு எடை பெருமளவு திரும்பியிருந்தது; அவர்கள் உடலோ எதிர்பார்க்கும் அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவிட்டுக்கொண்டிருந்தது.

இதனால் எதையும் எவ்வளவும் தின்னலாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதே. உன் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது; அந்தக் கூறு உனக்கும் உண்டு என்பதை மறைத்து ஆறுதல் சொல்வது தாய்க்கு அழகன்று. ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து பட்டினி இல்லை. காலையில் உண், மதிய உணவைத் தவறவிடாதே, மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலாவது வைத்துக்கொள். இரவுப் பசி தானாகவே அடங்கத் தொடங்கும். தட்டில் பாதி காய்கறியும் பழமும், மீதியில் சோறும் பருப்பும், முட்டையோ மீனோ தயிரோ என்பதுதான் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஏறக்குறையச் சொல்வது. சோற்றை நிறுத்த வேண்டாம். அளவைக் குறைத்து, பொரியலைக் கூட்டினால் போதும். உண்ணும் நேரத்தில் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடு.

சென்ற முறை நீ வந்திருந்தபோது சொதி வைத்தேன். தேங்காய்ப்பாலில் எத்தனை கலோரி என்று தேடிப் பார்த்துவிட்டு இரண்டு கரண்டியோடு எழுந்துவிட்டாய். நம் ஊரில் மறுவீட்டு விருந்துக்கு அதை வைத்தவர்கள் அது கனமான உணவு என்று அறியாதவர்கள் அல்லர். அதனால்தான் காய்களைத் தண்ணிப்பாலில் வேகவிட்டுக் கெட்டிப்பாலை இறுதியில் சேர்த்தார்கள், பாசிப்பருப்பைக் கூட்டினார்கள், செரிப்பதற்கு இஞ்சித் துவையலைப் பக்கத்தில் வைத்தார்கள், அன்றாடம் வைக்காமல் விருந்துக்கென்று ஒதுக்கினார்கள். உன் ஆச்சி உளுந்தங்களியில் நல்லெண்ணெயைக் குழியிட்டு ஊற்றிக் கொடுத்ததும் அப்படி ஒரு கணக்கின்படிதான். உணவை அஞ்சாமல் மதித்தவர்களின் கணக்கு அது. எண்ணுவதைவிட அதைக் கற்றுக்கொள்வது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்; செயலி விரைவில் விடை சொல்கிறது, வயிறு மெதுவாகத்தான் சொல்கிறது.

மாதவிடாய் தள்ளிப்போகிறது என்று போகிறபோக்கில் சொன்னாய். உடலுக்குப் போதிய ஆற்றல் கிடைக்காதபோது மூளை முதலில் ஒதுக்கி வைப்பவற்றில் அதுவும் ஒன்று. வேறு காரணங்களும் இருக்கலாம். இந்த வாரமே புனேயில் ஒரு பெண்கள் நல மருத்துவரைப் பார்த்துவிடு. ஒழுங்காக உண்ணத் தொடங்கிய பின்னும் இரவு உண்பது நிற்காவிட்டாலோ, உண்டதை வெளியேற்ற வேண்டும் என்று தோன்றினாலோ, மனநல மருத்துவரிடமும் சொல். அது சிகிச்சை உள்ள நோய். அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

உறவினர் பேச்சை என்னிடம் விட்டுவிடு. மாப்பிள்ளை வீட்டில் எவரும் உன் எடையைக் கேட்கவில்லை. கேட்டவர்கள் எல்லாம் நம் பக்கத்து மனிதர்களே, அதிலும் குறிப்பாக உன் அத்தை. அடுத்த முறை அவர் வாய் திறக்கும்போது நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

முகூர்த்த ரவிக்கைக்கு இப்போதிருக்கும் உடம்புக்கே அளவு எடுத்து அனுப்பு, குறையப்போகும் உடம்புக்கு வேண்டாம். உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். தையல்காரர் கார்த்திகை பிறப்பதற்குள் கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா